நைட்டி கோமதியின் வலது கிட்னி

என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கிட்னியில் எப்படிச் சீழ் பிடித்தது? முதல் வாரம் முழுக்க ‘உடம்புச் சூடு’ என்று சொல்லிச் சமாளித்தேன். அவர்களும் இந்த வருஷம் வெயில் ரொம்பத்தான் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். சூடு என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆனால் அது பொய். என் வலது கிட்னி ஏன் கெட்டுப்போகும் நிலைக்குப் போனது என்று எனக்கு நன்றாகவே தெரியும். பதினாலு வருஷமாகப் பகலில் நான் தண்ணீர் குடிக்கவில்லை. இப்போது உடம்பு தேறிவிட்டது. வெட்கத்தையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் நான் நிற்கிறேன். ‘வேலை பார்க்கிறேன்’ என்றும் எழுதலாம்தான், ஆனால் நிற்பதுதான் வேலை. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை. கடைக்காரப் பெண்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்களுக்கும் ஸ்டூல் வந்தது. ஒரு வாரம் நாங்கள் உட்கார்ந்தோம், அப்புறம் துணிக்கட்டுகள் உட்கார்ந்துகொண்டன. கடையில் பெண்கள் ஒன்பது பேர். அம்மன் பேர் கோமதி என்பதால் இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கோமதி மேல்தான் விழும். எங்கள் கடையிலேயே மூன்று பேர். பட்டு கோமதி, சுடிதார் கோமதி, நான் நைட்டி கோமதி. என்னை அப்படிக் கூப்பிட்டால்தான் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

கடையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. கடை முதலாளி அண்ணாச்சியின் வீடு கடைக்கு மேலேயே இருக்கிறது. மத்தியானம் ஒருதடவை மேலே போய்க்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் வீட்டு அடுக்களையைத் தாண்டி, பூஜை அறை வாசலைத் தாண்டிப் போகவேண்டும். மாதத்தில் அந்த நாட்களில் போகக் கூடாது. எங்களில் மூன்று பேர் எந்த நாளிலும் மேலே போவதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, போகாதே என்று யாரும் சொன்னதும் இல்லை. யார் எந்தத் தெரு என்பது சிறிய ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி.

மிச்சம் இருப்பது பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பிடம். போக வர இருபது நிமிஷம். சூப்பர்வைசரிடம் சொல்லாமல் போக முடியாது, ஆம்பளையிடம் எதைச் சொல்வது? அதற்காக எங்களுக்குள் ஒரு பேர் வைத்திருந்தோம். ‘ஸ்டாக் எடுத்துட்டு வாரேன்.’ யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் சேர்ந்தபோதே அந்தப் பேர்தான். பதினாலு வருஷத்தில் அது எங்கள் வாயில் அப்படி ஊறிவிட்டது. வீட்டில்கூட என் மகளிடம், “ஏட்டி, பள்ளிக்கூடம் போகுமுன்ன ஸ்டாக் எடுத்துட்டுப் போ” என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஸ்டாக் எடுக்கப் போகாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம். வழி சுலபம். காலையில் ஒரு டம்ளர் காப்பி. மத்தியானம் சோறு இறங்க இரண்டு மடக்குத் தண்ணீர். அவ்வளவுதான். ராத்திரி வீட்டுக்கு வந்துதான் சொம்பைத் தூக்குவேன்.

வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை நீர்க்கடுப்பு வரும். உயிர் போகிற மாதிரி எரியும். சுண்ணாம்பைக் குழைத்துக் கால் கட்டைவிரலில் தடவுவேன், வெந்தயத்தை ஊறவைத்து முழுங்குவேன். இளநீர் குடிக்கச் சொல்வார்கள். அதையும் ராத்திரிதான் குடிப்பேன், பகலில் குடித்தால் எங்கே போவது? அதற்கும் கேட்காவிட்டால் மருந்துக் கடையில் போய்ச் ‘சூட்டுக்கு மாத்திரை’ என்பேன். அவனும் என் முகத்தைப் பார்க்காமல் நான்கு மாத்திரையை வெட்டிக் கொடுப்பான். இரண்டிலேயே எரிச்சல் நின்றுவிடும். மிச்சத்தை அடுத்த தடவைக்கு என்று சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவேன். அரைகுறையாக மருந்து தின்றால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொண்டு மேலே கிட்னிக்கு ஏறும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இந்த ஆடியில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. கோவிலில் தபசுத் திருவிழாக் கூட்டம் ஒரு பக்கம், ஆடித் தள்ளுபடி ஒரு பக்கம். ஊரில் காலை வைக்க இடமில்லை. எனக்கு வலது பக்கம் விலாவுக்குக் கீழே ஒரு வலி. நின்று நின்று இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தேன். மூன்றாம் நாள் உடம்பு உதறியது. ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று நான் கத்த, கரெண்டே இல்லை என்றார்கள். நைட்டிக் கட்டு ஒன்றை இழுத்தேன். கட்டும் நானும் சேர்ந்தே கீழே வந்தோம்.

ஆட்டோவில் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் வீட்டுக்காரர் மாரியப்பன் தறிக்கூடத்திலிருந்து தலையெல்லாம் பஞ்சோடு ஓடி வந்தார். பதினாறு வயதிலிருந்து விசைத்தறி ஓட்டுகிறார். அந்தச் சத்தத்தில் அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. டாக்டர் என்ன சொன்னாலும் “என்னது?” என்று என்னைப் பார்ப்பார், நானோ கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கிறேன். குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டு, கிட்னியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று 108-இல் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பனவடலிசத்திரம் தாண்டும்போது ஒருதடவை கண் விழித்தேன். என் இரண்டு செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்கத் தெம்பில்லை. நான் நடந்துதான் திரும்புவேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது சின்ன வயது லேடி டாக்டர். கோயம்புத்தூர்ப் பக்கம் போல, எதற்கும் ‘ங்க’ போட்டுப் பேசினார். கட்டிலைச் சுற்றிப் படிக்கிற பையன்கள் இரண்டு பேர், ஸ்ட்ரெச்சர்காரர், என் வீட்டுக்காரர். எனக்கு நூற்று நாலு டிகிரி காய்ச்சல்.

“கடைசியா எப்ப யூரின் போனீங்க?” என்று கேட்டார்.

அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் என் வாயிலிருந்து என்ன வரும்? “ஸ்டாக் எடுக்கப் போகவே இல்ல டாக்டர். ரெண்டு நாளா ஒரே கூட்டம்” என்றேன்.

டாக்டர் குனிந்து என் கண்ணைப் பார்த்தார். “இப்ப எங்க இருக்கீங்கன்னு தெரியுதுங்களா?”

எங்கே வேலை என்று கேட்கிறார் என நினைத்தேன். “நைட்டி செக்‌ஷன்.”

“உங்க பேரு?”

“நைட்டி கோமதி.”

அவர் பக்கத்துப் பையனிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ‘கன்ஃபியூஸ்டு’ என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் புத்தி தடுமாறுமாம், அது பெரிய அபாயமாம். அதனால் தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதி, என் வீட்டுக்காரரிடம் நிலைமை மோசம் என்று சொல்லியிருக்கிறார். இவர் காதில் விழுந்தது ‘தலை’ மட்டும்தான். நான் விழுந்ததில் தலையில் அடி என்று முடிவு செய்து ஊருக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். நைட்டிக் கட்டு விழுந்து மண்டை பிளந்தது என்று தெருவில் பேச்சு. இன்றைக்கும் சிலர் என்னிடம் பேசும்போது என் உச்சந்தலையைத்தான் பார்க்கிறார்கள்.

தலை ஸ்கேன் வரிசையில் என்னைப் படுக்க வைத்திருந்தபோது ஸ்டெல்லா வந்து சேர்ந்தாள். வாசுதேவநல்லூர்க்காரி, என் பக்கத்து செக்‌ஷன், பதினோரு வருஷச் சிநேகிதம். அரை நாள் லீவு கேட்டு வாங்கி, மாற்று நைட்டியும் பிளாஸ்க்குமாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, இவர்கள் முன்பும் இப்படிச் சம்பந்தமில்லாமல் பேசுவார்களா என்று விசாரித்தார். என்ன பேசினாள் என்று இவள் கேட்டாள். கேட்டதும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாளாம்.

“அவ சரியாத்தான் சொல்லிருக்கா டாக்டர்” என்றாள். “எங்க கடையில ஸ்டாக் எடுக்கதுன்னா ஒண்ணுக்குப் போறது.”

“அதுக்கு எதுக்குங்க பேரை மாத்தணும்?” என்று டாக்டர் கேட்டார்.

அதற்கப்புறம் ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு நின்று அழுகை வந்துவிட்டது. மேல்மாடி, பூஜை அறை, பஸ் ஸ்டாண்டு, இரண்டு மடக்குத் தண்ணீர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சீட்டை வாங்கித் தலை ஸ்கேனை அடித்துவிட்டு, வயிற்று ஸ்கேனுக்கு உடனே தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்.

ஸ்கேனில் எல்லாம் தெரிந்தது. கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் குழாயில் ஒரு கல் சிக்கியிருந்தது. தண்ணீர் குடிக்காதவர்களுக்கு மூத்திரம் கெட்டியாகி உப்பு படிந்து கல்லாகுமாம். கல் வழியை அடைத்துவிட்டது. மேலே தேங்கியதில் கிருமி சேர்ந்து சீழாகி, கிட்னி வீங்கிப்போயிருந்தது. அந்த வீக்கத்தை உடனே வடியவிடவில்லை என்றால் கிட்னி மட்டும் அல்ல, ஆளே போய்விடுவாள் என்றார்கள். அன்றைக்கே தியேட்டருக்குக் கொண்டுபோய், கல்லைத் தாண்டி மெல்லிய குழாய் ஒன்றைச் செருகிவிட்டார்கள். ஸ்டென்ட் என்று பேர். இரண்டு முனையும் சுருண்டு, வெளியே தெரியாமல் உள்ளேயே கிடக்கும்.

மறுநாள் அதே டாக்டர் வந்து என் கையைப் பிடித்துச் சொன்னார். சீழ் வடிகிறது, உயிருக்குப் பயமில்லை. ஆனால் அந்தக் கிட்னி திரும்ப வேலை செய்யுமா செய்யாதா என்பதை இப்போது சொல்ல முடியாது, இரத்தத்தில் கிரியேட்டினின் இறங்குகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் என்பது உடம்பின் கழிவு. கிட்னி ஒழுங்காக வடிகட்டினால் குறையும், சண்டித்தனம் செய்தால் ஏறும். எனக்கு மூன்றைத் தாண்டி இருந்தது. ஒன்றுக்குக் கிட்டத்தில் வரவேண்டுமாம்.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. காய்ச்சலில் கிடந்தபோது பயப்படக்கூடத் தெரியவில்லை. எங்கள் தெருவில் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு தடவை பஸ் ஏறுகிற ஒருவரை எனக்குத் தெரியும். போகிற நாளும் அசந்து படுக்கிற நாளும் போக அவருக்கு வாரத்தில் மிச்சமே இல்லை. மகள் மகேஸ்வரி பதினொன்றாவது படிக்கிறாள். அவளை நினைத்துத்தான் அழுதேன், எனக்காக இல்லை. சரி, எனக்காகவும் கொஞ்சம் அழுதேன்.

பெண்கள் வார்டில் எனக்கு அடுத்த கட்டில் சண்முகத்தாய், போலீஸ் கான்ஸ்டபிள். திருவிழா பந்தோபஸ்துக்கு நின்று நின்று அவளுக்கும் இதே வியாதி, கல் மட்டும் இல்லை. அரசாங்க வேலை, சீருடை, லத்தி. அவளும் காலையில் தண்ணீரைத் தொடுவதில்லையாம். “அக்யூஸ்ட்ட கூட்டிட்டுப் போனா அவன் கேக்கும்போதெல்லாம் வண்டிய நிறுத்தணும்னு ரூல் இருக்குக்கா” என்றாள். “நமக்குத்தான் இல்ல.” எனக்கு வலியோடு சிரிப்பு வந்து தையல் போட்ட மாதிரி இழுத்தது. எதிர்க் கட்டிலில் கிடந்தது குருவிகுளத்துப் பக்கம் காட்டுவேலை செய்கிற பெண். பொழுது இருட்டும் வரை அடக்குவது அவளுக்குக் குடும்பப் பழக்கமாம். ஒரு போலீஸ், ஒரு கடைக்காரி, ஒரு கூலிக்காரி. மூன்று பேருக்கும் பக்கத்தில் மூத்திரம் இறங்குகிற ஒரே மாதிரிப் பை தொங்கியது.

காலையில் எழுந்ததும் சண்முகத்தாய் என் பையைத்தான் எட்டிப் பார்ப்பாள். முதல்நாள், பால் விடாத கட்டன் சாயா நிறம் என்றாள். மூன்றாம் நாள் பரவாயில்லை, எலுமிச்சை ஜூஸுக்கு வந்தாச்சு என்றாள். என்னைவிட அவளுக்குத்தான் அதில் சந்தோஷம்.

எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று குறித்து வைக்கச் சொல்லி சிஸ்டர் ஒரு தாள் கொடுத்திருந்தார். அந்த வேலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். ஆம்பளைகளைப் பார்வை நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். மற்ற நேரம் வராந்தாவில் நிற்பார், சண்முகத்தாய்க்குத் துணையிருந்த அவள் அம்மா அளவை விரலில் காட்டுவார், இவர் எழுதிக்கொள்வார். தறியில் எத்தனை மீட்டர் ஓடியது என்று எழுதிப் பழகிய கை. கோடு போட்டு, மணி போட்டு, முத்து முத்தாக எழுதினார். சிஸ்டர் அந்தத் தாளைத் தூக்கி மற்றவர்களுக்குத் துணையாக வந்தவர்களிடம் காட்டி, இப்படி எழுதுங்கள் என்றார். இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் இந்த மனுஷரை யாராவது பாராட்டி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கிட்னியைப் பற்றிய கவலை அந்த ஐந்து நிமிஷம் இல்லை.

மகேஸ்வரி தன் பங்குக்குத் தண்ணீர் பாட்டிலில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, பத்து மணி, பன்னிரண்டு மணி என்று எழுதி அனுப்பியிருந்தாள். அந்தக் கோட்டுக்குத் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். வாத்திச்சியிடம் மாட்டிக்கொண்ட மாதிரிக் குடித்தேன்.

கிரியேட்டினின் மூன்றிலிருந்து இரண்டரை, இரண்டரையிலிருந்து இரண்டு. பிறகு இரண்டு நாள் அங்கேயே நின்றது. அந்த இரண்டு நாளும் வார்டில் யாரும் என்னோடு அதைப் பற்றிப் பேசவில்லை. ஆறாம் நாள் ஒன்றரை. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, “எறங்குதுங்க” என்றார். கை தன்னால் நெற்றிக்குப் போய்க் கும்பிட்டது.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கல்லை எடுக்கவும் குழாயை எடுக்கவும் மூன்று வாரம் கழித்து வரவேண்டும். டாக்டர் என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்கு இயல்பிலேயே மெல்லிய குரல். இவர் வழக்கம் போல என் பக்கம் திரும்பி, “என்னது?” என்றார்.

நான் சாடை காட்டினேன். புரியவில்லை. மெதுவாகச் சொன்னேன். “என்னதுட்டி?” என்றார். டாக்டர், சிஸ்டர், படிக்கிற பையன்கள், எதிர்க் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு பெரியவர், எல்லாரும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது.

“மூணு மணி நேரத்துக்கு ஒருக்க மூத்திரம் போணுமாம்” என்று கத்தினேன். “அடக்கக் கூடாதாம். அடக்குனா கிட்னி போயிருமாம்.”

வார்டே நின்றுவிட்டது. இவர் மட்டும், “இதச் சொல்லுததுக்கு என்ன? போ” என்றார். முதலில் சிரித்தது சண்முகத்தாய். அப்புறம் சிஸ்டர், அப்புறம் குருவிகுளத்துப் பெண், அப்புறம் நான். பதினாலு வருஷமாக நான்கு பேருக்கு நடுவில் வாயில் வராத சொல். அதைச் சத்தம் போட்டுச் சொன்ன பிறகும் கூரை அப்படியேதான் இருந்தது.

கிளம்புகிற நேரத்தில் டாக்டரிடம் ஒன்று கேட்டேன். இதைத் தமிழில் எழுதித் தர முடியுமா, கடையில் காட்ட வேண்டும் என்றேன். டிஸ்சார்ஜ் சீட்டில் அப்படி எழுதும் வழக்கமில்லை என்று யோசித்தார். பிறகு கடைசியில் இடம் விட்டு எழுதினார்: ‘இவருக்கு வேலை செய்யும் இடத்தில் தண்ணீரும் கழிப்பறையும் அவசியம். இதுவும் மருந்துதான்.’ கையெழுத்துப் போட்டுச் சீலும் குத்தினார். தமிழ் எழுதிப் பழக்கம் விட்டுப்போனதால் ஒரு எழுத்தை அடித்து எழுதியிருந்தார்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது லேசர் வைத்துக் கல்லைப் பொடித்தார்கள். பிறகு குழாயையும் எடுத்துவிட்டு, ஒரு மாதம் பொறுத்து ஸ்கேன் பார்த்தார்கள். இரண்டு கிட்னியும் வேலை செய்கின்றன என்று எழுதியிருந்தது. வலது பக்கம் கொஞ்சம் தழும்பு இருக்கும், இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்றார் டாக்டர். வெளியே வந்து இவர் காதில் சொன்னேன். ஒரே தடவையில் கேட்டுவிட்டது.

கிட்னி தப்பித்தது, சரி. கடை அதே கடைதானே. வேறு கடைக்குப் போகலாமா என்று அந்தத் தெருவில் விசாரித்துப் பார்த்தேன். எந்தக் கடையிலும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. எங்கே போனாலும் எனக்கு வலது கிட்னி மிஞ்சாது என்று தெரிந்துவிட்டது. அதனால் என் கடைக்கே போனேன்.

அண்ணாச்சி டிஸ்சார்ஜ் சீட்டைக் கல்லாவில் வைத்துப் படித்தார். அவர் காது சிவந்துவிட்டது. கெட்ட மனுஷர் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு தடவை ஆள் அனுப்பி விசாரித்தவர். இதைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை, அவ்வளவுதான்.

“இதெல்லாமா எழுதித் தாராவ?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரிம்மா, நீ இனிமே மேல வந்துக்கோ. வீட்டுல சொல்லிருதேன்” என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக என்னை மேலே வரச் சொல்கிறார். சரி அண்ணாச்சி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பின்னால் ஸ்டெல்லா நிற்கிறாள், பட்டு கோமதி நிற்கிறாள், என்னைப் போலவே மேலே போகாத இரண்டு பேர் துணி மடிக்கிற சாக்கில் நிற்கிறார்கள்.

“நான் மட்டுமா அண்ணாச்சி?” என்றேன்.

“அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே.”

“எனக்கும் ஆடி வரைக்கும் ஒண்ணும் இல்ல.”

அவர் சீட்டை மடித்து என் பக்கம் தள்ளினார். கடையில் எங்கே இடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இடம் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, அதில் கை போன பொம்மை, கழுத்துப் போன பொம்மை எல்லாம் போட்டு வைத்திருந்தது. பக்கத்திலேயே கை கழுவுகிற குழாய். உடைந்த பொம்மைக்கெல்லாம் அறை ஒதுக்கியிருக்கிறார் மனுஷர் என்று ஸ்டெல்லா முனகினாள்.

மறுநாளிலிருந்து நாங்கள் ஒரு காரியம் செய்தோம். சண்டை போடவில்லை. ஒன்பது பேரும் அவரவர் இடத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துக் குடித்தோம். குடித்தால் போக வேண்டுமே. மூன்று மணி நேரத்துக்கு ஒருதடவை, ஒருத்தி மாற்றி ஒருத்தி, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். போகும்போது ‘ஸ்டாக்’ என்று மறைக்காமல் சூப்பர்வைசரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டே போனோம். முதல் நாள் கூச்சத்தில் அவர்தான் மேலே மின்விசிறியைப் பார்த்தார், நாங்கள் பார்க்கவில்லை. எப்போதும் யாரோ ஒருத்தி இடத்தில் இல்லை. வாடிக்கைக்காரர்கள் கேட்டால், ஒன்றுக்குப் போயிருக்கிறாள், இந்தா வந்துவிடுவாள் என்று சொன்னோம். தீபாவளி நெருங்குகிறது. ஐந்தாம் நாள் காலையில் கொத்தனார் வந்து படிக்கட்டுக்கு அடியில் டேப் பிடித்து அளந்தார். பொம்மைகளை அண்ணாச்சியே வெளியே தூக்கிப் போட்டார்.

இரண்டு வாரத்தில் கதவு, தாழ்ப்பாள், வாளி, லைட்டு எல்லாம் வந்துவிட்டது. பூசின சுவர் காயும் வரைகூட எங்களுக்குப் பொறுமையில்லை. டாக்டர் ஒரு எழுத்தை அடித்து எழுதிய அந்தச் சீட்டின் ஜெராக்ஸ் இப்போது சண்முகத்தாயிடமும் இருக்கிறது. அவள் மேலதிகாரியிடம் கொடுத்திருக்கிறாளாம். என்ன ஆனது என்று இன்னும் தெரியவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் பனவடலிசத்திரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்துத் துணி எடுக்கிறார்கள். காலையில் வந்தவர்கள், மூன்று மணி ஆகியும் முடியவில்லை. கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு என் வயது இருக்கும். நைட்டியைப் புரட்டிக்கொண்டே இருந்தாள், எதையும் பார்க்கவில்லை. முகம் வெளிறியிருந்தது. கூட வந்த ஆம்பளைகள் பட்டுப் பக்கம் நகர்ந்ததும் என் காதுக்கிட்ட வந்து, “இங்கன எங்கயாச்சும் போயிட்டு வர எடம் இருக்காம்மா?” என்றாள்.

பதினாலு வருஷத்தில் எத்தனை பேருக்குப் பஸ் ஸ்டாண்டைக் கை காட்டியிருப்பேன்.

“இருக்கு, வாங்க” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, லைட்டைப் போட்டுவிட்டு, வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து முகமெல்லாம் கழுவிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நைட்டியைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“கொஞ்சம் குடிக்கத் தண்ணி குடும்மா” என்றாள். “காலையில வீட்டை விட்டுக் கெளம்புனதுலருந்து குடிக்கல.”

என் பாட்டிலைக் கொடுத்தேன். நின்றபடியே, மூச்சு விடாமல், அடி வரை குடித்தாள்.